சந்தனம் பூசாத மொட்டை

1

குடிவரவு அலுவலகத்துக்குள் நுழையவே எனக்குப் பயம். டான்சானியாவில் டோடோமா என்கிற இந்த ஊருக்குத் திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டியோடு வந்து சேர்ந்தவன் நான். ஊர் ஊராகப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவன் என்று இங்கே பெயர். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் சீருடையில் யாராவது உட்கார்ந்திருந்தால் முதலில் என் வாயில்தான் தண்ணீர் வற்றும்.

போன வாரம் என் மனைவி சுமதியின் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். மேசையில் ஒரு இளம்பெண். பதற்றத்தில் "ஷிகமூ" என்று சொல்லிவிட்டேன். அது இங்கே சிறியவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம். அந்தப் பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி "மரஹபா" என்று ஆசி சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் அடக்காமலே சிரித்தார்.

பிறகு அவள் படங்களைப் பார்த்தாள். பழைய படத்தில் சுமதிக்கு நடு வகிடும், தோளில் எடுத்துப் போட்ட பின்னலும். ஊரிலிருந்து அனுப்பியிருந்த புதிய படத்தில் மழமழவென்று மொட்டை. அவள் இதையும் அதையும் மாறி மாறிப் பார்க்க, நான் உடைந்த ஸ்வாஹிலியில் ஆரம்பித்துவிட்டேன்: கோயில், சாமி, எங்கள் வழக்கம், தொழில் நன்றாக நடக்க வேண்டும் என்று...

"எதற்கு இப்படி வியர்க்கிறது உங்களுக்கு? விரல்ரேகை ஏற்கெனவே பதிவில் இருக்கிறது," என்றாள். பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டு, "உங்கள் மனைவிக்குத் தலை நல்ல வடிவம்," என்று முத்திரை குத்தினாள். அப்போதுதான் பார்த்தேன். அவள் தலையும் மெஷின் போட்டு ஒட்ட வெட்டிய தலை. வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான். இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருந்துகொண்டு அதை ஒரு விஷயமாக நான் கவனித்ததே இல்லை.

வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவள் கேட்காத கேள்விக்கு நான் பொய்யை எடுத்து நீட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மாதக்கணக்காகப் புழங்கிய பொய், நாக்கு நுனியிலேயே நின்றிருக்கிறது.

அந்தப் பொய்யைத் தயாரித்தவர் என் அண்ணி. இன்று காலை கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அண்ணியின் பரிசோதனை முடிவைச் சொல்லப் போகிறார்கள். நான் இங்கே என் போர்வெல் கடையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

சுமதிக்கு இடது மார்பில் கட்டி என்று இங்கேதான் தெரிந்தது. ஊருக்குப் போய்ப் பார்ப்பது நல்லது என்றார் இங்குள்ள டாக்டர். கோயம்புத்தூர் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, என்ன நோய், என்ன அறுவை, எத்தனை தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் கேட்டேன்: "இளநி குடிக்கலாமுங்களா?"

சுமதி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். "எனக்குக் கேன்சருன்னு டாக்டரு சொல்றாரு, இந்த மனுசன் எளநிக்கு வழி கேக்கறாரு." பயம் வந்தால் எனக்குத் தேவையான கேள்வி எதுவும் வாயில் வராது. தேவையில்லாதது மட்டும் தெளிவாக வரும்.

அறுவை முடிந்ததும் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் தங்கினாள். இங்கே தொழிலும் மகள் யாழினியின் பள்ளிக்கூடமும் இருந்ததால் நான் போவதும் வருவதுமாக இருந்தேன். இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. காலையில் தலையணையைப் பார்க்க எனக்குப் பயம். அவள் எழுந்திருப்பதற்கு முன்பே வெளியே போய், ஓடாத பம்பு செட்டைப் பார்ப்பதுபோல் நின்றுகொள்வேன்.

"மொத்தமா எடுத்துடலாமுங்க. தெனமும் கொஞ்சங் கொஞ்சமா ஏன் சாகோணும்?" என்றாள் சுமதி.

எடுப்பது யார்? அழகு நிலையத்துப் பெண் கையைப் பிசைந்தாள். "சுமங்கலி தலையில நான் கத்தி வெக்க மாட்டேனுங்க அக்கா. கோவிச்சுக்காதீங்க." ஆண்கள் சலூன்காரர் எங்களைப் படியிலேயே நிறுத்தி, "கோயில்ல பண்ணிக்குங்க, அதுதானுங்க மொறை," என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் தலையில் கத்தி வைக்கிற இடம் ஒன்றுதான், அது கோயில். ஆக அண்ணியையும் கூட்டிக்கொண்டு மலைக்கோயிலுக்குப் போய்ச் சீட்டு வாங்கினோம். மொட்டை அடித்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பழக்க தோஷத்தில் தலை முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டார்.

மலை இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் ஊர் அம்மா ஒருத்தர் பக்கத்தில் வந்தார்.

"என்ன வேண்டுதலுங்க அம்மணி?"

சுமதி வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "கொழுந்தனாருக்கு ஆப்பிரிக்காவுல தொழிலு நல்லா நடக்கோணும்னு வேண்டிக்கிட்டதுங்க."

கொழுந்தனார் பக்கத்தில்தான் நின்றேன். தொழில் நடக்காதவன் முகத்தை வைத்துக்கொண்டேன். அது எனக்குச் சிரமமாக இல்லை.

3

வேண்டுதல் மொட்டைக்கு ஒரு மாதத்தில் முடி முளைத்துவிட வேண்டும். மருந்து ஏறிக்கொண்டிருந்த தலையில் எப்படி முளைக்கும்? ஊர் கவனிக்க ஆரம்பித்ததும் அண்ணி, அடுத்தது பழனிக்கு என்றார். அதற்கும் அடுத்ததாகத் திருப்பதிக்கு. தினமும் காலையில் சந்தனக் கட்டையை அவரே உரசி, சுமதியை முக்காலியில் உட்காரவைத்துப் பூசிவிடுவார்.

"காஞ்சா தோலை இழுக்குதுங்க. மருந்து எரிச்சல் ஒருபக்கம், உங்க அண்ணி பாசம் ஒருபக்கம்," என்று போனில் சுமதி முனகுவாள்.

அண்ணி அந்த நோயின் பெயரை உச்சரித்ததே இல்லை. 'அது' என்பார். அதுவும் அடுப்படியில், குழாயைத் திறந்துவிட்டு. காரணம் அவர் மகள் காவ்யா. படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வரன் வந்திருந்தது. "அந்த ஊட்டுல அது இருக்குதுன்னு ஒருத்தரு சொல்லிட்டாப் போதும் தம்பி. அப்பறம் எவன் வருவான்?" என்று அண்ணி கேட்டபோது அண்ணன் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். சுமதியும் மறுநாள் முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பொய் எங்களைவிடத் திறமையாக வேலை செய்தது. மூன்று கோயிலுக்கு முடி கொடுத்தவள் என்று சுமதிக்கு ஊரில் பெயர் பரவியது. பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து திருநீறு கேட்டார்கள். ஒரு அம்மா மகனின் ஜாதகத்தை அவள் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு பக்கம் என் கூட்டாளிகள் எனக்கு போன் போட்டு, "மாப்ள, மூணு கோயிலுக்கு மொட்டை போடற அளவுக்கா தொழிலு படுத்துருச்சு? எங்ககிட்டச் சொல்லக் கூடாதா?" என்று வருத்தப்பட்டார்கள். சிலர் என் ரிக் வண்டியை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராகவும் இருந்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் குடும்பத்தில் முதல் மொட்டை நான்தான். முப்பது வயதிலேயே உச்சி காலி. எந்தக் கோயில் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போனபோதே முன்நெற்றி பாதி மண்டையைப் பிடித்திருந்தது. சுமதி வீட்டார் நான் எத்தனை வண்டிக்குப் பங்காளி என்று மட்டும் விசாரித்தார்கள். எங்கள் பக்கத்து அத்தை ஒருவரோ சுமதியின் பின்னலைத் தடவிப் பார்க்கிற சாக்கில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார், சவுரியா சொந்த முடியா என்று. சொந்த முடி என்று உறுதியான பிறகுதான் வெற்றிலைத் தட்டு நகர்ந்தது.

யாழினிக்கு அம்மாவின் மொட்டைப் படத்தைக் காட்ட நான் பல நாள் தயங்கினேன். அவள் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் எல்லாரும் முடியை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா என் கிளாஸ் மாதிரி இருக்காங்க," என்றாள். அவ்வளவுதான். தமிழில் பாதியும் ஸ்வாஹிலியில் பாதியுமாகத்தான் இப்போதெல்லாம் பேசுகிறாள். சந்தனம் எதற்கு என்று கேட்டாள். விவரத்தைச் சொன்னேன்.

"அப்போ நாம பொய் சொல்றது சாமிகிட்டயா, ஊர்கிட்டயா?"

ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்டேன்.

இங்கே நோய் என்று சொன்னால், தடுக்கி விழுந்தேன் என்று சொன்னாலும்கூட, "போலே" என்பார்கள். உன் கஷ்டத்துக்கு நானும் வருந்துகிறேன் என்பது மாதிரி. எங்கள் ரிக் டிரைவர், கடைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெண் என எல்லாரும் சுமதிக்காக என்னிடம் "போலே" சொன்னார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பயமே வரவில்லை. சொந்த ஊரை நினைத்தால்தான் வந்தது.

4

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்த நாளில் நான் ஊரில் இருந்தேன். காலையிலிருந்து எனக்கு நான்கைந்து தடவை கழிப்பறை. அண்ணி வழக்கத்தைவிடக் கெட்டியாகச் சந்தனம் பூசி, பட்டுப்புடவை கட்டிவிட்டு, "கேட்டாத் தலைய ஆட்டு, போதும்," என்று சுமதியைப் பழக்கியிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தவர், தூணோரம் நின்ற சுமதியைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நீங்கதானுங்களா அது? மூணு சாமிக்கு முடி குடுத்தவங்க?"

சுமதி தலையை ஆட்டினாள்.

"கேள்விப்பட்டதுல இருந்து பாக்கோணும்னு இருந்தனுங்க. என்ற பையன் நல்லா இருக்கோணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளைவிட மூத்தவர், காலைத் தொடக் குனிந்துவிட்டார்.

சுமதி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு கையால் அவரைப் பிடித்தபடியே இன்னொரு கையால் முந்தானையை எடுத்துத் தலையைத் துடைத்தாள். சந்தனம் பட்டில் அப்பிக்கொண்டு வந்தது.

"வேண்டாமுங்க. நீங்க கும்புடறதுக்கு இதுல ஒண்ணுமில்லீங்க. எனக்கு மாருல கேன்சரு. மருந்து ஏத்தறாங்க, முடி கொட்டிப்போச்சு. வேண்டுதலெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க."

யாராவது ஏதாவது பேச வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன். "காபி சாப்புடுங்க," என்றேன். எல்லார் கையிலும் காபி இருந்தது.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. சுமதியின் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பக்கத்தில் வைத்த டம்ளரை மறுபடி எடுக்கவில்லை. "ஊட்டுக்குப் போயிப் பேசிப்போட்டுச் சொல்லி உடறமுங்க," என்றார் அவர் கணவர். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கார் கிளம்பிய தூசி அடங்குவதற்குள் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது.

காவ்யாதான் முதலில் பேசினாள். "சித்தி நோவு எனக்கு வந்துருமாமா? சித்தியென்ன எனக்கு ரத்த சொந்தமா? ரத்தத்துல வர்றதுன்னாச் சித்தப்பாவோட வழுக்கைதான் எனக்கு வரோணும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கும் வந்தது. சுமதி சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனார். மகள் கல்யாணம் கெட்ட கோபம் என்று நினைத்தேன்.

5

நான் இங்கே திரும்பி வந்துவிட்டேன். அண்ணி சுமதியோடு பேசவில்லை. ஆனால் காலையில் ராகிக் கூழ் மட்டும் தவறாமல் வரும், நங்கென்று வைக்கப்படும்.

ஊர் ஒதுக்கத்தான் செய்தது. ஜாதகம் வைத்த அம்மா ஜாதகத்தைத் திரும்ப வாங்கிப் போனார். ஆனால் வேறு சிலர் வந்தார்கள், ஒவ்வொருவராக, பின்வாசல் வழியாக. வந்து உட்கார்ந்து, மழை, வெயில் எல்லாம் பேசிவிட்டு, "என்னுதும் வேண்டுதல் இல்லீங்க, கர்ப்பப்பையில வந்துச்சு," என்றார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தேன் என்று முன்பு சொன்னவர் உண்மையில் எங்கே போயிருந்தார் என்று சொன்னார். இதையெல்லாம் சுமதி போனில் சொன்னாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு பக்தி அதிகம் என்று இங்கே நான் பெருமையடித்திருக்கிறேன். நான் பார்த்த சந்தனத் தலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதைப் பார்த்து நான் கும்பிட்டேன் என்று தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, அண்ணி கூழை நங்கென்று வைக்காமல் மெதுவாக வைத்துவிட்டுச் சுமதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாராம்.

"எனக்கும் ஒண்ணு இருக்குது சுமதி."

"என்னக்கா?"

"இங்க. பொங்கலுக்கு முன்னயே கையில தட்டுப்பட்டுச்சு. வலியில்லை. காவ்யா கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

சுமதி அவர் கையைப் பிடித்து, "ஏக்கா சொல்லல? நான் பக்கத்துலயேதான இருந்தேன்," என்று கேட்டிருக்கிறாள்.

"உன்றதயே மறைக்க முடியலயே கண்ணு. ரெண்டு பேருதை எப்பிடி மறைக்கறது? இப்பத்தான் அவங்க வேண்டாம்னு போயிட்டாங்களே. இனிமே போலாம்."

சுமதி போனில் இதைச் சொன்னபோது நான் ரிக் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு கசிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே வெகுநேரம் படுத்திருந்தேன். சுமதியின் தலையில் தினமும் சந்தனம் பூசிய கை, தன் சேலைக்குள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. காவ்யாவின் ஜோக்குக்கு அண்ணி ஏன் சிரிக்கவில்லை என்பதும் புரிந்தது. இது சித்திக்கு அல்ல, பெற்ற தாய்க்கு. இனி அந்த ஜோக்கை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல முடியாது.

அண்ணனுக்கு போன் போட்டேன். எந்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னார். நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

அண்ணிக்கு ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருந்த நாட்களில்தான் சுமதி மறுபடி மொட்டை அடித்தாள். மருந்து ஏற்றுவது முடிந்து அவளுக்கு நகக்கண் அளவு முடி வந்திருந்தது. அந்த முடி வந்ததும் இங்கே யாழினியும் நானும் கேக் வெட்டியிருந்தோம். அதைப் போய் எடுக்கிறாயே என்று கேட்டேன்.

"மொதல்ல நோவு எடுத்துச்சுங்க. இந்தத் தடவை நானா எடுக்கறேன். அக்கா என்ற மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பயப்படறாங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைன்னு காட்டோணுமில்ல?"

காவ்யா தானும் என்றாள். பின்வாசல் வழியாக வந்த பெண்களில் இரண்டு பேர் முன்வாசல் வழியாக வந்தார்கள். படியிலேயே நிறுத்திய அதே சலூன்காரரைக் காவ்யா என்ன சொல்லிக் கூட்டி வந்தாளோ, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், வீட்டு முன்னால், தெருவே பார்க்க நாற்காலி போட்டார்கள். வீடியோ அழைப்பில் நானும் யாழினியும். காவ்யாவின் நீள முடி தரையில் விழுந்தபோது நான் போனை யாழினியிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டேன். "அப்பா, முடிஞ்சுது, வாங்க," என்று அவள்தான் கூப்பிட்டாள்.

கடைசியில் சலூன்காரர், "சந்தனம் எங்கீங்க அம்மணி?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. தண்ணி ஊத்தி உடுங்க, போதும்," என்றாள் சுமதி.

காவ்யா இணையத்தில் படத்தைப் போட்டு, 'இது வேண்டுதல் இல்லை, எங்கள் வீட்டில் கேன்சர் இருக்கிறது, உங்கள் வீட்டிலும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு வந்த அழைப்புகளுக்கு அளவில்லை. "உன்ற பொண்டாட்டிக்குத்தான் நோவு, அந்தப் புள்ளைக்கு என்ன கேடு? இனி எவன் கட்டுவான்?" என்றார் ஒரு மாமா. என் வழுக்கைத் தலைக்கே பெண் கிடைத்ததே மாமா, என்றேன். அவர் வைத்துவிட்டார். தைரியசாலி மாதிரி பேசிவிட்டேனே ஒழிய, வைத்த பிறகு எனக்கும் அதே பயம்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

6

இதுவரை எழுதி முடித்தபோது போன் அடித்தது. அண்ணி. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து.

"தம்பி, சாப்புட்டீங்களா?"

"ஆச்சுங்க அண்ணி." சாப்பிடவில்லை.

"இங்க இன்னுங் கூப்புடலை. இந்த ரெண்டு மொட்டையும் ரெண்டு பக்கமும் உக்காந்துக்கிட்டு என்னைய வேடிக்கைப் பொருளாக்குதுங்க. எல்லாரும் எங்களையே பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க அண்ணி. பயமா இருக்குதுங்களா?"

"இருக்குது சாமி. கையி காலெல்லாம் ஓடல. உங்களுக்கு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "எனக்கும் இருக்குதுங்க," என்றேன்.

"செரி. அப்ப ஒண்ணா இருக்கலாம்," என்றார்.

அதற்குள் யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். "வாரேன், வாரேன்," என்று எழுந்தார். போனை அணைக்கத் தெரியாமலோ மறந்தோ அப்படியே பைக்குள் போட்டுவிட்டார். சலசலவென்று ஏதோ உரசும் சத்தம். கதவு திறந்து மூடியது. நாற்காலிகள் இழுபட்டன. இதைக் கேட்கலாமா, வைத்துவிடலாமா என்று தெரியாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

டாக்டரின் குரல் தூரத்தில் கேட்டது. "உக்காருங்கம்மா. கூட யாரு வந்திருக்கீங்க?"

அண்ணி சொன்னார்.

"எல்லாருமேதானுங்க."

இங்கே கடையில், ஐயாயிரம் கிலோமீட்டரோ என்னமோ தள்ளி, போனைக் காதில் வைத்தபடி நானும் எழுந்து நின்றேன்.